சிறு படகிலிருந்து புளூஃபின் சூரைக்குத் தூண்டில் வீசுவது எப்படி?

அமெரிக்காவின் கேப் காட் கடலுக்கு ஜூன் வாக்கில் வரும் புளூஃபின் சூரை அக்டோபர் வரை சுற்றிக்கொண்டிருக்கும். கேப் காட்டின் முனையிலுள்ள பிராவின்ஸ்டவுனுக்கு வடக்கே கிடக்கும் ஸ்டெல்வேகன் என்னும் கடலடித் திட்டுக்கு, வானிலை ஒத்துழைத்தால் 22 முதல் 26 அடிப் படகிலேயே போய்வரலாம். மீன் கைநழுவுவதற்கு வீச்சைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு இரண்டே இடத்தில் இருக்கும்: படகைக் கொண்டுபோன விதம், கரையில் அவசரமாகப் போட்ட முடிச்சு.

கம்பு ஏழரை முதல் எட்டு அடி. 60 முதல் 100 கிராம் எடையுள்ள லூரை (போலி இரையை) வீசத் தக்கதாக இருக்கட்டும். ரீல் 14000 முதல் 20000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல். ஷிமானோ ஸ்டெல்லா, டைவா சால்ட்டிகா போன்றவை இந்த வேலைக்கு ஏற்றவை. அதில் 80 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல்) நூல் 350 மீட்டராவது ஏறவேண்டும். நூலை ஈரத்துணியால் அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் மீனின் முதல் ஓட்டத்தில் மேல் நூல் அடிச்சுற்றுகளுக்குள் புதைந்து, சிக்கி, அறுந்துவிடும். பலர் இதைக் கம்பெனி நூலின் குறை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

லீடருக்கு, அதாவது பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவில் வரும் தடித்த நூலுக்கு, 100 முதல் 130 பவுண்டு ஃபுளூரோகார்பன். பிரெய்டையும் லீடரையும் எஃப்ஜி என்னும் பின்னல் முடிச்சால் இணையுங்கள். பிரெய்டை விறைப்பாக இழுத்துக் கட்டிவைத்து, லீடரை அதன் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி 20 முதல் 24 முறை பின்ன வேண்டும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. இரண்டையும் சேர்த்து நாலைந்து அரைமுடிச்சு போட்டு, நனைத்து, கையுறையோடு இழுங்கள். பிரெய்டின் நிறம் அடர்ந்து லீடரைக் கவ்வியிருந்தால் முடிச்சு பிடித்துவிட்டது. அதன்பின் லீடரின் மிச்ச நுனியை ஒட்ட நறுக்கி, மேலும் சில அரைமுடிச்சுகள். கடைசியாகத் தராசில் மாட்டி 12 கிலோவுக்கு இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் பிரித்துப் புதிதாகப் போடுங்கள். ஆடும் படகில் இதைப் போடுவது வேதனை; வீட்டிலேயே போட்டு வாருங்கள்.

லீடரின் மறுமுனையைப் பிளவில்லாத வளையத்தில் கட்டி, லூரை ஸ்பிளிட் ரிங்கால் (பிளவுள்ள வளையத்தால்) அதில் மாட்டுங்கள். ஸ்பிளிட் ரிங்கிலேயே கட்டினால் அதன் விளிம்பு லீடரைத் தின்றுவிடும். லூரோடு வரும் மூன்றுமுள் கொக்கியைக் கழற்றிவிட்டுத் தடித்த ஒற்றைக் கொக்கி போடுங்கள். மூன்றுமுள் எளிதில் நிமிர்ந்துவிடும். மீனைப் படகருகே கொண்டுவரும்போது கையையும் கிழிக்கும்.

டிராக்கை, அதாவது நூல் ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிடியை, எப்போதும் தராசு வைத்தே அளந்து வையுங்கள். 80 பவுண்டு நூலுக்கு முதலில் 9 கிலோ, கடைசிக் கட்டத்தில் 12. நூலின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு என்பதே மேல் எல்லை.

மீனைத் தேட முதலில் பறவைகளைப் பாருங்கள். உயரத்தில் சிதறிப் பறந்தால் அவையும் தேடிக்கொண்டிருக்கின்றன. ஒரே இடத்தில் நெருங்கித் தாழ்ந்தால் அடியில் இரை மேலே வந்திருக்கிறது. கூனல் திமிங்கிலம் மணல் விலாங்கு என்னும் சிறு மீனைத் தின்னும் இடத்தில் சூரையும் இருக்கலாம். ஆனால் நெருங்கிப் போகாதீர்கள். வடஅட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் என்றால் 500 கெஜம் விலகியிருப்பது சட்டம்.

கூட்டத்தைக் கண்டதும் நேராக ஓட்டத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு முறை மீன் மேலே வருவதைப் பார்த்தால் அது போகும் திசை தெரிந்துவிடும். சுற்றிப் போய், அதன் வழிக்கு முன்னால், காற்று வரும் பக்கமாக 50, 60 மீட்டர் தள்ளி நில்லுங்கள். 200 மீட்டருக்கு முன்பே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்; எஞ்சின் சத்தம் திடீரென்று மாறினாலே கூட்டம் அமிழ்ந்துவிடும். காற்று முதுகில் இருந்தால் லூரும் தூரம் போகும்.

ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் வீசக் கூடாது: அணியத்தில் ஒருவர், பின்பக்கம் ஒருவர். வீசுமுன் பின்னால் திரும்பிப் பாருங்கள். லூர் மீனின் முதுகில் விழாமல், அது போகும் வழியில் நாலைந்து மீட்டர் முன்னால் விழட்டும். விழுந்ததும் பெயிலை (நூலைப் பிடிக்கும் ரீலின் கம்பி வளைவை) கையால் மூடி, தொங்கும் நூலை இழுத்துச் சரிசெய்த பிறகே சுற்றுங்கள். இதை மறந்தால் அடுத்த வீச்சில் நூல் முடிச்சு விழும். மிதக்கும் லூரைக் கம்பால் நீளமாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். அமிழும் லூரை ஐந்து எண்ணும்வரை விட்டு இழுக்கலாம். இரை விரல்நீள மணல் விலாங்காக இருக்கும்போது பெரிய லூரை மீன் பின்தொடர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். அப்போது மெலிந்த மென்பிளாஸ்டிக் லூருக்கு மாறுங்கள்.

தண்ணீர் சிதறுவதைப் பார்த்ததும் கம்பை வெடுக்கென்று இழுக்காதீர்கள். எடை கைக்கு வரும்வரை சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு இறுக்குங்கள். முதல் ஓட்டத்தை ஓடவிட்டு, படகைச் சற்றுச் சாய்வாகப் பின்தொடரச் செய்யுங்கள். மீன் நேர் கீழே போய் வட்டமடிக்கத் தொடங்கியபின் கம்பைச் செங்குத்தாகத் தூக்கினால் முறியும். 45 பாகைக்கு மேல் உயர்த்தாமல், மீனின் தலை உங்கள் பக்கம் திரும்பும் அரைவட்டத்தில் மட்டும் சிறுசிறு இழுப்பாக நூலை எடுங்கள். நகரவில்லையா? படகை 30 மீட்டர் விலக்கி இழுவைக் கோணத்தை மாற்றுங்கள். மணிக்கணக்கில் இழுத்தடித்தால் விடுவித்த மீனும் பிழைப்பது கடினம், வைத்துக்கொண்டதன் சதையும் சூட்டில் வெளிறிப்போகும்.

படகுக்கு நோவாவின் (அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பின்) ஹெச்எம்எஸ் உரிமம், அதாவது நெடுந்தூரம் வலசை போகும் மீன்களுக்கான உரிமம், கட்டாயம். எந்த அளவில் எத்தனை மீன் எடுக்கலாம் என்பது பருவத்தின் நடுவிலேயே மாறும். புறப்படும் காலையில் பாருங்கள். மூக்கிலிருந்து வால் பிளவுவரை உடலின் வளைவோடு நாடாவை வைத்து அளக்க வேண்டும். எடுத்த மீனையும், செத்த நிலையில் கடலில் போட்ட மீனையும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

விடுவதானால் மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமல், வாய் முன்னோக்கியிருக்க 2, 3 நாட் (மணிக்கு 2, 3 கடல்மைல்) வேகத்தில் இழுத்துச் செல்லுங்கள். ஓடும் தண்ணீரில்தான் அதற்கு மூச்சு. வால் தானாக அடிக்கத் தொடங்கியதும் விடலாம். வைத்துக்கொள்வதானால் வாலில் கயிறு போட்டு, மார்புத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால் இருபுறமும் கீறி, செவுளையும் வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, குடலை எடுத்துக் கடல்நீர் கலந்த பனிக்கட்டியில் முழுக அமிழ்த்துங்கள். மேலே பனிக்கட்டியைத் தூவினால் மட்டும் போதாது; நடுச்சதை குளிராது.