க்ளென் இன்னஸ் பக்கம் மூணு நாள்: மொதல்ல சுரங்கம், அப்புறம்தான் நீலக்கல்

ஆஸ்திரேலியாவுல க்ளென் இன்னஸ் போறவங்க முக்காவாசிப் பேரு நேரா ஓடையில எறங்கி நீலக்கல் தேட ஆரம்பிச்சிடறாங்க. ரெண்டு மணி நேரம் சலிச்சுட்டு ஒண்ணும் கெடைக்கலன்னு வண்டியத் திருப்பிடறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. மொதல் நாள் பக்கத்துல இருக்கிற எம்மாவில்ங்கிற பழைய சுரங்க ஊருக்குப் போயி அங்க கல்லு எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழக்கிட்டு, ரெண்டாவது நாள் சல்லடையப் பிடிங்க. நாங்க மொதல் தடவை மாத்திப் பண்ணிட்டு வெறுங்கையோட வந்தோம், ரெண்டாவது தடவைதான் எது கல்லு எதெல்லாம் வெறும் கருப்பு சரளைன்னு புரிஞ்சது.

ஊரு எங்க இருக்குன்னா, நியூ சவுத் வேல்ஸோட வடக்குல, நியூ இங்கிலாந்து ஹைவேயும் க்விடிர் ஹைவேயும் குறுக்க வெட்டிக்கிற எடத்துல. கடல் மட்டத்துல இருந்து 1000 மீட்டருக்கு மேல. ஆஸ்திரேலியான்னாலே வெயிலுன்னு நெனச்சு டீஷர்ட்டோட கெளம்பிடாதீங்க, ஜூன் ஜூலையில காலைல கார் கண்ணாடி மேல உறைபனி கெட்டியா படிஞ்சிருக்கும், அத சுரண்டிட்டுத்தான் கெளம்ப முடியும். மார்ச், ஏப்ரல் அருமையான நேரம். மார்ச்ல மினராமான்னு கல்லு, ரத்தினத்துக்குன்னே ஒரு விழா நடக்கும், அதுக்குப் போறதா இருந்தா ரூம் முன்கூட்டியே போட்டுடுங்க. பிரிஸ்பேன்ல இருந்து வர்றவங்க இன்னொண்ணும் ஞாபகம் வெச்சுக்கங்க, அக்டோபர்ல இருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும் பார்டர் தாண்டினா மணி ஒரு மணி நேரம் முன்னால ஓடும், மியூசியம் மூடற நேரத்துக்குப் போயி நிப்பீங்க.

எம்மாவில் க்ளென் இன்னஸ்ல இருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பழைய பேரு வெஜிடபிள் க்ரீக். 1872 வாக்குல இங்க தகரம், அதாவது வெள்ளீயம், கண்டுபிடிச்சாங்க, சுரங்கத்துக்கு சனம் வந்து குவிஞ்சுது, சீனர்கள் ஓடைக்கரையில காய்கறி தோட்டம் போட்டாங்க, அதனால அந்தப் பேரு. 1882ல கவர்னர் லாஃப்டஸ் பிரபுவோட மனைவி எம்மா பேர வெச்சாங்க. எனக்கு என்னமோ பழைய பேருதான் பிடிச்சிருக்கு.

இந்த ஊரு சுரங்க மியூசியத்துல அவசரப்படாதீங்க. உள்ளூர்க்காரங்க சம்பளம் இல்லாம நடத்தறாங்க, எல்லா நாளும் தொறந்திருக்காது, போன் பண்ணிட்டுப் போங்க. நாங்க போனப்ப ஒரு பெரியவர் கருப்பா பளபளன்னு நெல்லிக்காய் அளவுல ஒரு கல்ல எடுத்து எம் பொண்ணு கையில வெச்சாரு. கை சட்டுன்னு கீழ எறங்கிடுச்சு. "அப்பா, இது இரும்பாப்பா?"ன்னா. அதுதான் காசிட்டரைட், தகரத்தோட தாது. சாதாரண வெள்ளைக்கல்லு ஒண்ணு அதே அளவுல எடுத்து இன்னொரு கையில வெச்சா, இது அதவிட ரெண்டரை மடங்கு கனம். ஓடையில தண்ணி மத்த மணலை எல்லாம் அடிச்சிட்டுப் போக, இது மட்டும் அடியில தங்கிடும், மொத்தத் தொழிலும் அந்த கனத்த நம்பித்தான் நடந்துச்சு. கனமான கல்லு அடியில தங்கும்கிற இந்த ஒரு விஷயத்த மனசுல போட்டுக்கங்க, நாளைக்கு உங்களுக்கு வேணும்.

இன்னொரு ஆச்சரியம், தகரம் இருந்த பழைய ஓடைகள்ல பல எடத்துல எரிமலைக் குழம்பு ஓடி மூடிடுச்சு, அதனால பாறைக்கு அடியில பொதைஞ்சுபோன ஓடையத் தேடி சுரங்கம் வெட்டினாங்க. அந்த மண்ணடி ஓடைகளை அளந்து 1887ல அறிக்கை குடுத்தவர் எட்ஜ்வொர்த் டேவிட்ங்கிற இளம் புவியியலாளர். பின்னாடி 1909ல அண்டார்டிகாவுல தென் காந்த துருவத்தைத் தேடி நடந்த மூணு பேர்ல ஒருத்தர் அவருதான்.

மதியத்துக்கு மேல ஆட்டரி சுரங்கம் போங்க, எம்மாவில்ல இருந்து கிட்டதான். என்னைக் கேட்டா இந்தப் பயணத்துலயே மறக்க முடியாத எடம் இதுதான். இங்க தகரத்தோட ஆர்செனிக்கும் சேர்ந்தே கெடந்துச்சு, நம்ம பாஷையில சொன்னா பாஷாணம். தாதுவ சூளையில வறுத்தா புகையா கெளம்பும், அந்தப் புகைய வரிசையா கட்டின செங்கல் அறைகளுக்குள்ள சுத்த விட்டு ஆறவெச்சா சுவத்துல வெள்ளைப் பொடியா படியும். அத ஆளுங்க உள்ள போயி கையால சுரண்டி எடுத்தாங்க. அந்த அறைங்களும் புகைபோக்கியும் இன்னும் நிக்குது, பக்கத்துல நின்னு பாத்தா ஒவ்வொரு அறையோட வாசலும் ஒரு ஆள் குனிஞ்சு நுழையற அளவுதான் தெரியும். அதுக்குள்ள எறங்கினவங்கள நெனச்சா வயித்தப் பெசையுது.

அந்த பாஷாணத்துக்கு அப்ப என்ன தேவைன்னா, ஆடுமாடு உண்ணி மருந்துக்கும், சப்பாத்திக்கள்ளிய சாகடிக்கறதுக்கும். நமக்குத் தெரிஞ்ச அதே சப்பாத்திக்கள்ளிதான், வேலிக்குன்னு கொண்டு வந்து குவீன்ஸ்லாந்துலயும் நியூ சவுத் வேல்ஸ்லயும் கோடிக்கணக்கான ஏக்கர முழுங்கிடுச்சு. எவ்வளவு விஷம் அடிச்சும் அடங்கல, கடைசியில 1920கள் நடுவுல அர்ஜென்டினாவுல இருந்து கொண்டு வந்த ஒரு சின்ன அந்துப்பூச்சியோட புழுதான் அத தின்னு தீர்த்துச்சு. ஆட்டரியில வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்க, அங்க இருந்து கல்லு எதையும் பொறுக்காதீங்க, தரையில உக்காந்து சாப்பிடவும் வேண்டாம், கெளம்பறதுக்கு முன்னாடி பசங்க கையையும் செருப்பையும் கழுவிடுங்க. மண்ணுல விஷம் இன்னும் இருக்கு.

ரெண்டாவது நாள் நீலக்கல். ஆஸ்திரேலிய நீலக்கல்லுக்குப் பேர்போன வட்டாரம் இது, கருமண் எரிமலைப் பாறை இருக்கிற ஓடைகள்ல தேடணும். பொது ஓடைக்கரை, இல்லன்னா காசு வாங்கிட்டு விடற பண்ணைகள் இருக்கு, எது இப்ப தொறந்திருக்குன்னு க்ளென் இன்னஸ்லயோ பக்கத்து ஊரு இன்வெரெல்லயோ விசிட்டர் சென்டர்ல கேட்டுடுங்க. தனியார் நிலம்னா சொந்தக்காரர் சம்மதம் கட்டாயம். டாரிங்டன் பக்கம் காட்டுக்குள்ள தேடறதுன்னா அதுக்குத் தனி அனுமதி வாங்கணும். மிஷின் கூடாது, கைக்கருவி மட்டும், தோண்டின குழிய மூடிட்டுத்தான் வரணும்.

பெரிய கண்ணு சல்லடை மேல, சின்னக் கண்ணு கீழ, ரெண்டையும் அடுக்கி சரளைய அள்ளிப் போட்டு தண்ணிக்குள்ள முக்கி அலசுங்க. மேல நிக்கிற பெரிய கல்ல ஒரு பார்வை பாத்துட்டு கொட்டிடலாம். சின்ன சல்லடையத்தான் கவனமா பண்ணணும். தண்ணிக்குள்ள மேலயும் கீழயுமா குலுக்கி லேசா சுத்துங்க. வீட்டுல அரிசி அரிச்சிருந்தா இந்தக் கை வேல உங்களுக்கு ஏற்கனவே தெரியும். என்ன, அங்க கல்ல ஒதுக்கிட்டு அரிசிய எடுப்போம், இங்க அரிசியக் கொட்டிட்டு கல்லப் பிடிக்கிறோம். ரெண்டு நிமிஷம் விடாம குலுக்கினா கனமானதெல்லாம் நடுவுல அடிக்குப் போயிடும். அப்புறம் ஈரமா விரிச்ச சாக்கு மேல தோசை திருப்பிப் போடற மாதிரி ஒரே போடா கவுத்துங்க. இப்ப அடியில இருந்தது மேல வந்திருக்கும், நடுவுல கருப்பா ஒரு வட்டம் தெரியும், அங்கதான் தேடணும்.

வெயிலுக்கு முதுகக் காட்டிட்டு உக்காராதீங்க, சூரியனப் பாத்து உக்காருங்க. அந்தக் கருப்பு வட்டத்துல முக்காவாசி இரும்புக்கல்லும் ஸ்பைனல்ங்கிற கருப்புக் கல்லும்தான், வெளிச்சம் உள்ள போகாது. நீலக்கல்லு பட்டை போடாம இருக்கறப்ப கடையில பாக்கிற மாதிரி மின்னாது, மை பாட்டில் ஒடைஞ்ச சில்லு மாதிரி கருப்பாத்தான் தெரியும். சாமணத்துல எடுத்து சூரியனுக்கு நேரா பிடிங்க, ஓரத்துல நீலம் கசியும், சிலதுல பச்சை, மஞ்சள், ஒரே கல்லுல ரெண்டு நெறம் கூட. சிவப்பா, தேன் கலர்ல இருந்தா பெரும்பாலும் ஜிர்கான்ங்கிற வேற ரத்தினக்கல்லு, அதையும் விடாதீங்க. எம் பொண்ணுக்கு பதினோராவது சல்லடையிலதான் மொதல் கல்லு வந்துச்சு, மிளகு அளவுதான், அத ஈர டிஷ்யூல சுத்தி வீடு வர்ற வரைக்கும் கைய விட்டு எறக்கல. வெட்டிப் பட்டை போடற தரத்துல கெடைக்கிறது ரொம்ப அபூர்வம், விக்கலாம்னு நெனச்சு போகாதீங்க.

மூணாவது நாள் விடிகாலையில க்ளென் இன்னஸ்ல இருக்கிற ஸ்டாண்டிங் ஸ்டோன்ஸ் பாத்துடுங்க, ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழி வந்த குடியேறிகள் நெனைவா 1992ல தொறந்த கருங்கல் வட்டம், காசு கெடையாது. அப்புறம் இன்வெரெல் வழியா டிங்கா. அங்க விங் ஹிங் லாங்னு ஒரு கடை, சீன சுரங்கத் தொழிலாளிங்க காலத்துல 1881ல ஆரம்பிச்சு 1998 வரைக்கும் யாவாரம் நடந்துச்சு, இப்ப மியூசியம். பழைய சரக்கு அலமாரியிலயே இருக்கு. அரை மணி நேரம் ஒதுக்கினா பத்தாது, ஒரு மணி நேரம் வெச்சுக்கங்க, பெட்ரோல இன்வெரெல்லயே ரொப்பிடுங்க.