கேரவன் டேங்க் விளக்கை நம்பாமல் வாளியை எண்ணுங்கள்

அரியமான் கடற்கரையில் கேரவனில் தங்கியிருந்தபோது, சிங்க் தண்ணீர் சேரும் கழிவுநீர் டேங்கைக் காலி செய்த பிறகும், அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'முக்கால்' விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கருவி கெட்டுப்போகவில்லை. டேங்கின் சுவரில் வெவ்வேறு உயரத்தில் சின்ன உலோகக் குமிழ்கள் இருக்கும். தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். மீன் சட்டி கழுவிய எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் குமிழ்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டால், அந்த ஈரப் படலமே மின்சாரத்தைக் கடத்திவிடும். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் நன்றாகவே கடத்தும்.

அதனால் இப்போது நான் செலவாகும் தண்ணீரைத்தான் எண்ணுகிறேன். 60 லிட்டர் டேங்க், 15 லிட்டர் வாளி என்றால் நான்கு வாளி. மூன்று முடிந்ததுமே காலி செய்ய இடம் தேடிவிடுங்கள். சிங்க் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி வாளிக்கு ஒரு கோடு போட்டால், வீட்டுப் பிள்ளைகளே கணக்கு வைத்துக்கொள்வார்கள். கழிப்பறை டேங்குக்கு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும்.

படலம் போக, காலி டேங்கில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி, மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை ஓட்டுங்கள். போகிற வழியில் குலுங்கியே பெரும்பாலும் கழுவிவிடும்.

ஒன்று மட்டும், தயவுசெய்து மணலில் திறந்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றின் பவளப்பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தங்கும் இடத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.