மிரிஹானை குடிவரவுத் தடுப்பு முகாமில் இருக்கும் அகதியை நாடு கடத்தப் பார்த்தால்

முதலில் ஐ.நா. அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சீ.ஆர். அவருக்குக் கொடுத்த சான்றிதழைப் படம் எடுத்து வெளியில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். 'விரும்பித் திரும்புகிறேன்' என்ற தாளில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். அப்புறம் யூ.என்.எச்.சீ.ஆர். அமைப்புக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லுங்கள், ஆனால் விமானத்தை நிறுத்த வைப்பது பெரும்பாலும் நீதிமன்றம்தான், அதனால் சட்டத்தரணியைப் பிடித்து கொழும்பு புதுக்கடையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டு இடைக்காலத் தடை கேளுங்கள். இலங்கை 1951 அகதிகள் சமவாயத்தில் சேரவில்லையே என்பார்கள். சரி, 1994இல் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் சேர்ந்ததே, சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு யாரையும் அனுப்பக்கூடாது என்கிறது அதன் 3ஆம் உறுப்புரை. தடை கிடைத்தாலும் அசந்துவிடாதீர்கள்: 2014இல் பாகிஸ்தானியப் புகலிடக் கோரிக்கையாளர்களை நாடு கடத்துவதற்கு எதிராகக் கிடைத்த தடை சில வாரங்களிலேயே நீக்கப்பட்டது.