கன்ட்ரோலர் ஸ்டிக் தானா நகருதா? நான் சரி பண்ண கதை

புது கன்சோல் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, லெஃப்ட் ஸ்டிக்ல கை வைக்காமலேயே கேம்ல இருக்கற ஆளு அவன் பாட்டுக்கு இடது பக்கமா நடந்து போய் பள்ளத்துல விழுறான். முதல்ல செட்டிங்ஸ்ல டெட்ஸோன் (ஸ்டிக் லேசா நகர்ந்தா கேம் கண்டுக்காத அளவு) ஏத்திப் பார்த்தேன், நின்னுச்சு, ஆனா மெதுவா எய்ம் பண்றதே போச்சு. அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு ஸ்டிக்க நல்லா சுத்தி விட்டேன், ரெண்டு வாரம் தாங்குச்சு, மறுபடி பழைய குருடி கதவைத் திறடி தான்.

விஷயம் என்னன்னா உள்ள இருக்கறது பொட்டென்ஷியோமீட்டர் (ஸ்டிக் எவ்ளோ நகர்ந்துச்சுன்னு மின்தடைய வச்சு அளக்கறது), கார்பன் பூச்சு மேல ஒரு சின்ன தகடு உரசிக்கிட்டே இருக்கும், தேயத்தானே செய்யும். ஹால் எஃபெக்ட்னு இன்னொரு வகை ஸ்டிக் இருக்கு, அதுல நகர்வ அளக்கறது காந்தத்த வச்சுத்தான், உரசலே கிடையாது. 1998ல வந்த ட்ரீம்காஸ்ட் கன்சோலோட கன்ட்ரோலர்லயே இது இருந்துச்சு, இன்னைக்கு இதப் போட என்ன கேடுன்னு தெரியல!

ஹால் எஃபெக்ட் மாட்யூல் ஒன்னு வாங்கி, பேட்டரி ஒயர மொதல்ல கழட்டிட்டு (இத மறக்காதீங்க), பழசோட 14 கால்லயும் புது ஈயம் கொஞ்சம் வச்சு இளக்கி, பம்ப்பால உறிஞ்சி எடுத்தேன். அவசரப்பட்டு இழுத்தா போர்டுல இருக்கற செம்புத் தடம் கையோட வந்துரும், எனக்கு ஒன்னு வந்துச்சு, மெல்லிசா ஒயர் வச்சு ஒட்டுப் போட்டேன். மாத்தினதும் சென்டர் கொஞ்சம் தள்ளி நின்னுச்சு, கேலிபரேஷன் (நடு எதுன்னு கன்ட்ரோலருக்குக் காட்டிக் கொடுக்கறது) பண்ணதும் நேராயிடுச்சு. நாலு மாசமாச்சு, ஆளு நின்ன எடத்துல நிக்கறான்.