கார்டு எண் கொடுக்கும் முன்: பிரிட்டனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பிரிட்டனுக்கு வந்த முதல் சில வாரங்களில் ஊர் பேர் தெரியாத பல சைட்களில் உங்கள் பாஸ்போர்ட் விவரத்தையோ கார்டு எண்ணையோ கொடுக்க வேண்டியிருக்கும். வீடு, ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு, வேலைக்கும் வரிக்கும் கேட்கும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், சிம் கார்டு, குளிர்கால கோட் எல்லாமே ஆன்லைனில்தான். ஊரில் என்றால் எது அசல், எது டூப்ளிகேட் என்று பாதி நமக்கே தெரியும், மீதியை யாரிடமாவது கேட்டுக்கொள்வோம். இங்கே எல்லாப் பெயரும் புதுசு. அதனால் பார்க்க லட்சணமாக இருக்கும் சைட்டை நம்பிவிடுகிறோம்.

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று சொல்லிக்கொடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது யாருக்கு வேண்டுமானாலும் ஏஐ பிழையில்லாத ஆங்கிலம் எழுதிக் கொடுக்கும். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. என்னைக் கேட்டால், இரண்டு விஷயங்களைப் பார்த்தால் பெரும்பாலும் போதும்: அந்த முகவரி யாருடையது, பணத்தை எந்த வழியில் கேட்கிறார்கள்.

இங்கே மத்திய அரசு வேலைகள் கிட்டத்தட்ட எல்லாமே கவ்.யூகே (gov.uk) என்ற ஒரே முகவரிக்குள் அடங்கிவிடும். தனியார் யாரும் அதை வாங்க முடியாது. மருத்துவத்துக்கு என்எச்எஸ்.யூகே (nhs.uk), பல்கலைக்கழகங்களுக்கு ஏசி.யூகே (ac.uk), காவல்துறைக்கு போலீஸ்.யூகே (police.uk). மற்றபடி டாட் காம், கோ.யூகே, டாட் ஆர்க் எல்லாம் காசு கொடுத்தால் எவருக்கும் கிடைக்கும். ஆர்க் என்று முடிந்தாலே தொண்டு நிறுவனம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய பேர்.

முகவரியை முன்னாலிருந்து படித்தால் ஏமாறுவோம். முதல் ஒற்றைச் சாய்கோடு (/) எங்கே வருகிறது என்று பாருங்கள், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 'எச்எம்ஆர்சி.கவ்.யூகே-ரீஃபண்ட்.காம்' (hmrc.gov.uk-refund.com) என்று ஒரு லிங்க் வந்தால், முன்பக்கம் வரித்துறை மாதிரித்தான் தெரியும். பின்னாலிருந்து படித்தால் அது 'யூகே-ரீஃபண்ட்.காம்', அதாவது யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பெயர். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு, அவ்வளவுதான் வித்தை.

எனக்கு இதைவிட எரிச்சல் தருவது வேறொரு ரகம். அதை மோசடி என்று சட்டப்படி சொல்வதும் கஷ்டம். கூகுளில் தேடினால் விளம்பரக் குறியோடு மேலே வந்து நிற்கும் சைட்கள் இவை. அரசு இலவசமாகத் தருவதை, 'படிவத்தைச் சரிபார்த்து அனுப்புகிறோம்' என்று சொல்லிக் காசு வாங்குவார்கள். 'நாங்கள் அரசைச் சேர்ந்தவர்கள் அல்ல' என்ற வரி பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பணத்தைத் திருப்பிக் கேட்டால் அந்த வரியைக் காட்டிக் கையை விரிப்பார்கள். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இ-விசா பார்க்கும் யூகேவிஐ (விசாத் துறை) கணக்குக்கும் கிடையாது. ஜிபி பதிவும், ஐரோப்பியப் பயணத்துக்கான ஜிஎச்ஐசி மருத்துவ கார்டும் அப்படியே. புரொவிஷனல் (பழகுநர்) ஓட்டுநர் உரிமத்துக்கு ஆன்லைனில் 34 பவுண்ட். அதற்கு மேல் கேட்டால் நடுவில் தரகர் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். கூகுளில் தேடாமல், கவ்.யூகே என்று நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்த் தேடுங்கள்.

பெரிய தொகை போவது வீட்டு விஷயத்தில். விமானம் ஏறும் முன்பே ரூம் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கு. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பில் எல்லாம் சேர்த்து, அக்கம்பக்கத்து வாடகையைவிடப் பல நூறு பவுண்ட் குறைவாக ஒரு ரூம் விளம்பரத்தில் வரும். ஓனர் மரியாதையாகப் பேசுவார். 'நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட் போட்டால் சாவி கூரியரில் வரும்' என்பார். அந்த வசனம் வந்ததும் பேச்சை முடித்துக்கொள்ளலாம். சந்தேகம் அந்த அளவுக்கு இல்லை என்றால், முதலில் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே சமையலறை வேறு ஊர் விளம்பரத்தில் இருந்தால் கதை முடிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்ட் கட்டி யாரும் பார்க்கலாம். அதையும் கவ்.யூகே வழியாகவே செய்யுங்கள், இதற்கும் மூன்று மடங்கு வாங்கும் தரகர் சைட்கள் உண்டு.

ஏஜென்ட் என்றால், இங்கிலாந்தில் அவர் ப்ராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மன் அல்லது ப்ராப்பர்ட்டி ரெட்ரெஸ் என்ற இரண்டு புகார் அமைப்புகளில் ஒன்றில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். அவர் சைட்டில் ஒட்டியிருக்கும் முத்திரைக்கு மதிப்பில்லை, படத்தை எவரும் எடுத்து ஒட்டலாம். அந்த அமைப்பின் சைட்டுக்குப் போய்ப் பெயரைத் தேடுங்கள். ரூமைப் பிடித்துவைக்க வாங்கும் ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகையைத் தாண்டக்கூடாது. முழு டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைதான், அதை ஓனரோ ஏஜென்ட்டோ 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட வேண்டும். நம் ஆட்கள் பலர் ஆரம்பத்தில் தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஒரு ரூமில் இருப்பார்கள். ஓனரும் அதே வீட்டில் இருந்தால் இந்த டெபாசிட் பாதுகாப்பு விதி பொருந்தாது. அங்கே ரசீதும் நேரில் பார்த்ததும்தான் உங்களுக்குத் துணை.

பணம் கட்டும் வழிக்கு வருவோம். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரையிலான ஒரு பொருளையோ சேவையையோ வாங்கினால், கடைக்காரர் ஏமாற்றும்போது கார்டு கம்பெனியும் சட்டப்படி பொறுப்பு. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு அது. புதிதாக வந்தவருக்கு கிரெடிட் கார்டு சுலபத்தில் கிடைக்காது என்பது தெரியும். டெபிட் கார்டு என்றால் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை பேங்க் வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது கார்டு நெட்வொர்க்கின் விதி, சட்ட உரிமை இல்லை. பேங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும்தான் வாங்குவோம் என்று ஒரு கடை சொன்னால் விலகிவிடுங்கள். கிஃப்ட் கார்டு, கிரிப்டோ என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம்.

டிரான்ஸ்ஃபர் செய்தே தீர வேண்டும் என்றால், பெயரைப் போட்டதும் பேங்க் ஆப் 'பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை' என்று காட்டும். 'கணக்கு என் மனைவி பெயரில் இருக்கிறது, அப்படித்தான் காட்டும்' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்ட் வரை பேங்க் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் அது பிரிட்டன் கணக்கிலிருந்து பிரிட்டன் கணக்குக்குப் போகும் பணத்துக்குத்தான். கோயம்புத்தூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அப்பா நேராக 'ஓனர்' கணக்குக்கு அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஊர்ப் பணம் முதலில் உங்கள் சொந்தக் கணக்குக்கு வரட்டும்.

வேலையும் விசாவும் பற்றி ஒரு வார்த்தை. வேலை விசாவுக்கு நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் விலைக்கு என்று எந்த சைட் சொன்னாலும் அது குற்றம்தான். ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் கவ்.யூகே-யில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தாலும், உங்களோடு பேசுவது அந்த நிறுவனம்தானா என்பது தனிக் கேள்வி, அவர்கள் அலுவலக எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டுக் கேளுங்கள். இமிக்ரேஷன் ஆலோசகர் என்றால் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியின் பதிவேட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவு பெற்ற வழக்கறிஞராக இருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை அந்த அமைப்பின் பெயர் ஓஐஎஸ்சி. பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்.

கடை சைட் என்றால் கம்பெனி எண்ணையும் பதிவு முகவரியையும் தேடுங்கள், இங்கே பதிவான கம்பெனிகள் அதை சைட்டில் போட்டாக வேண்டும். அந்த எண்ணை அரசின் கம்பெனிப் பதிவேடான கம்பெனீஸ் ஹவுஸில் இலவசமாகச் சரிபார்க்கலாம். பெயர் ஒத்துப்போகவில்லை என்றாலோ, 'குடும்பமாக நடத்தும் பழைய கடை' போன மாதம்தான் பதிவானது என்றாலோ போதும், மூடிவிடுங்கள். எண் சரியாக இருப்பதால் மட்டும் கடை நல்லதாகிவிடாது, அதுவும் உண்மை.

அம்மா அனுப்பிய முறுக்கும் பொடியும் வரும் வாரத்தில் 'பார்சலுக்கு 1.99 பவுண்ட் கட்டவும்' என்று மெசேஜ் வந்தால் கை தானாக லிங்க்கைத் தொடும். வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கக் கட்டணம் உண்மையிலேயே வரக்கூடும் என்பதால்தான் இந்த வலை எடுபடுகிறது. டிராக்கிங் எண்ணை ராயல் மெயில் சைட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். மெசேஜை மோசடி மெசேஜ் புகாருக்கான 7726-க்கு ஃபார்வர்ட் செய்யுங்கள், காசு ஆகாது. வாட்ஸ்அப் குரூப்பில் நம்ம ஆள் அனுப்பிய லிங்க்குக்கும் இதே விதிதான். அவருக்கும் யாரோ அனுப்பியதுதான் அது.

பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. 159-ஐக் கூப்பிட்டால் பெரும்பாலான பெரிய பேங்குகளின் மோசடிப் பிரிவுக்கு இணைப்பு கிடைக்கும். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் புகாருக்கு 0300 123 2040, ஸ்காட்லாந்தில் காவல்துறையின் 101. மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பாஸ்போர்ட் படத்தையும் கொடுத்திருந்தால் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் கட்டணம் கட்டிப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளலாம், அதன்பின் உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் கூடுதலாகச் சோதிப்பார்கள். அப்புறம் சில வாரம் கழித்து, 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்' என்று ஒரு போன் வரலாம். பெரும்பாலும் அது அதே கும்பல்தான், அல்லது உங்கள் எண்ணை அவர்களிடமிருந்து வாங்கிய இன்னொரு கும்பல்.