சாங்கியில் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டுமா? முதல்முறைப் பயணிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வழியாக ஆஸ்திரேலியா, அமெரிக்கா போக டிக்கெட் எடுத்தால், நடுவில் ஏழு மணி நேரம், பதின்மூன்று மணி நேரம் என்று ஒரு காத்திருப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளைப் பார்க்க முதல்முறை கிளம்பும் அப்பா அம்மாவுக்கு விமானத்தில் ஏறுவதைவிட இதுதான் பெரிய கவலை. எங்கே உட்காருவது, பெட்டி என்ன ஆகும், வெளியே விடுவார்களா, தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்பார்கள். அவர்களையும், முதல் வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ தனியாகப் போகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சரியாகத் திட்டமிட்டால் சாங்கியில் அந்த நேரம் பயணத்தின் நல்ல பகுதியாகவே அமையும்.

படி 1: டிக்கெட் ஒன்றா, இரண்டா?

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. சென்னை முதல் சிட்னி வரை ஒரே பதிவெண்ணில் டிக்கெட் இருந்தால், பொதுவாகப் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும், இரண்டு போர்டிங் பாஸும் சென்னையிலேயே கிடைக்கும். கவுன்டரில் "பெட்டி நேரா சிட்னிக்குத்தானே போகுது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெட்டியில் ஒட்டும் டேக்கில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கையில் தரும் சின்னத் துண்டுச் சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வையுங்கள்.

விலை குறைவு என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் கதை வேறு. பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரலாம். அதற்குக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிச்சமாகும் பணத்துக்கு அந்தப் பதற்றம் ஈடாகாது.

படி 2: உண்மையில் கையில் எவ்வளவு நேரம்?

டிக்கெட்டில் பதின்மூன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தால் அத்தனையும் உங்களுடையது அல்ல. ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள்.

காலை 6 மணிக்கு இறங்குகிறீர்கள், இரவு 7:30க்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். விமானத்திலிருந்து இறங்கி, கழிப்பறை போய், குடியேற்ற வரிசையில் நின்று வெளியே வர ஒரு மணி நேரம். நகரத்துக்குப் போக ஒரு மணி, திரும்ப ஒரு மணி. விமானம் புறப்படுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அதாவது 5 மணிக்கு, விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாம் கழித்தால் கையில் எட்டு மணி நேரம். அது நிஜமான நேரம், நிம்மதியாக ஊர் சுற்றலாம்.

இதே கணக்கை ஆறு மணி நேரக் காத்திருப்புக்குப் போட்டால் அரை மணிதான் மிஞ்சும். அப்போது நகரம் வேண்டாம், உள்ளேயே இருங்கள். என் அளவுகோல் இது: மொத்தக் காத்திருப்பு எட்டு மணி நேரத்துக்குக் கீழே என்றால் நகரத்தை மறந்துவிடலாம். வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அதைப் பத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். போர்டிங் பாஸில் இருப்பது அந்த ஊர் நேரம். கைக்கடிகாரம் கட்டுபவர்கள் இறங்கியவுடன் மாற்றிக்கொள்ளுங்கள். போனை நம்புகிறவர்கள், அது தானாக மாறிவிட்டதா என்று சுவர்க் கடிகாரத்தோடு ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

படி 3: வெளியே போக அனுமதி

குடியேற்றச் சோதனைக்கு முன்னால் உள்ள டிரான்சிட் பகுதிக்குள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுவதற்கு விசா தேவையில்லை. வெளியே வர இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. ஆனால் பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றில் ஏதாவது ஒரு நாட்டின் செல்லுபடியாகும் விசாவோ நீண்டகால வசிப்பு அட்டையோ இருந்து, 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் டிக்கெட்டும் இருந்தால், விசா இல்லாமலே சிங்கப்பூருக்குள் போய் வரலாம். மகன் சிட்னியில், மகள் நியூ ஜெர்சியில் என்று போகிற பெற்றோர் பலருக்கு இது அப்படியே பொருந்தும்.

ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை, மின்னஞ்சலில்தான் வரும். அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். திரும்பி வரும் பயணத்துக்கு விதிகள் கொஞ்சம் மாறும். விசா இன்னும் எத்தனை நாள் செல்லும் என்பதையும் பார்ப்பார்கள். ஆகவே கிளம்பும் வாரத்தில் சிங்கப்பூர் குடியேற்றத் துறையான ஐசிஏயின் இணையதளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். கடைசி முடிவு கவுன்டரில் இருக்கும் அதிகாரியுடையது. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய வருகைக்கு விசா தேவையில்லை.

வெளியே போவதானால் எல்லோருமே எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். ஐசிஏ தளத்தில் இது இலவசம். தேடும்போது பணம் கேட்கும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், அவற்றுக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

படி 4: கைப்பை

பெட்டி நேராகப் போய்விடும் என்பதால் இந்தப் பை மட்டும்தான் உங்களோடு இருக்கும். மருந்துகள், ஒரு மாற்று உடை, பல் துலக்கும் சாமான், ஒரு சால்வை போதும். ஏசி குளிர் விடியற்காலையில் எலும்பு வரை இறங்கும், சால்வையை மட்டும் விடாதீர்கள். சார்ஜருக்கு யுனிவர்சல் அடாப்டர் வேண்டும். அங்கே மூன்று தட்டையான முனை கொண்ட பிளக்தான், நம் உருண்டை முனை நுழையாது.

வெளியே போகப் போகிறவர்கள் பையை இன்னொரு முறை பாருங்கள். சூயிங் கம், மெல்லும் புகையிலை, இ-சிகரெட் மூன்றுக்கும் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் வரி கட்ட வேண்டும். நம் வீடுகளில் யாருக்கும் தோன்றாதது கசகசா. குருமாவுக்கு என்று அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்திருப்பார். சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள். கைப்பையில் இருக்கவே கூடாது.

அப்புறம் பணம். நம் வங்கி அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் அதைத் திறந்து, டேப் செய்து கட்டும் வசதியையும் சேர்த்து இயக்கிவிடுங்கள்.

படி 5: உள்ளேயே இருப்பது என்று முடிவானால்

டெர்மினல் 1, 2, 3 மூன்றும் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே ஸ்கைடிரெயின் என்னும் சிறு ரயிலால் இணைந்தவை. நடந்தும் போகலாம். டெர்மினல் 4 மட்டும் தனி, அதற்கு ஷட்டில் பஸ். முதலில் அடுத்த விமானம் எந்த டெர்மினல் என்று திரையில் பார்த்துவிட்டு, பிறகு உலாவத் தொடங்குங்கள்.

ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் டெர்மினல் 3இல் உள்ள பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குப் போங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போது போக வேண்டும், இருட்டினால் பட்டாம்பூச்சிகள் அடங்கிவிடும். உள்ளே நுழைந்ததும் ஏசிக் குளிர் போய் நம் ஊர்ப் புழுக்கம் முகத்தில் படும். ஆறு மீட்டர் உயர அருவி ஒன்று ஓரமாக விழுந்துகொண்டிருக்கும். வெட்டிவைத்த அன்னாசித் துண்டுகளில் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்து உறிஞ்சுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கூட்டுப்புழுக்களை வரிசையாகத் தொங்கவிட்ட கண்ணாடிப் பெட்டியும் உண்டு. அவசரப்படாமல் நின்றால், ஒன்று கூட்டைப் பிளந்து கசங்கிய இறக்கையோடு வெளியே வருவது கண்ணில் படலாம். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

டெர்மினல் 1இல் மாடித் தோட்டம் முழுக்கக் கள்ளிச்செடிகள், டெர்மினல் 2இல் சூரியகாந்தி. டெர்மினல் 3இல் இலவசத் திரையரங்கு இருக்கிறது. கால் பிடித்துவிடும் இலவச எந்திரங்கள் ஆங்காங்கே உண்டு. நான்கு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தவர்கள் அவற்றைத் தேடிப் போய் உட்காருவது நல்லது. சும்மா இருக்கும்போதும் மணிக்கு ஒருமுறை எழுந்து கொஞ்சம் நடந்தால் கால் வீக்கம் குறையும்.

தண்ணீரை விலை கொடுத்து வாங்க வேண்டாம். குடிநீர்க் குழாய்கள் எங்கும் உண்டு, காலி பாட்டில் இருந்தால் போதும்.

வீல்சேர் உதவி கேட்டிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கொண்டுவந்து விடும் ஊழியர் காத்திருக்கும் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவார். "மறுபடி எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று கேட்டு, அந்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழிப்பறை எங்கே என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட வேண்டாம், கையில் பிஸ்கட்டாவது இருக்கட்டும்.

படி 6: ஜுவலும் இலவசச் சுற்றுலாவும்

விமான நிலையத்தை ஒட்டி 2019இல் திறந்த ஜுவல் வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கண்ணாடிக் கூரையின் நடுத் துளை வழியாக அருவி விழுகிறது. கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது அதுதான். ஆனால் ஜுவல் குடியேற்றச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. படி 3இல் சொன்ன அனுமதி இருந்தால் டெர்மினல் 1இலிருந்து அப்படியே நடந்து போய்விடலாம். அனுமதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். டெர்மினல் 2, 3 இடையே ஓடும் ஸ்கைடிரெயின் பாதை ஜுவலுக்குள் புகுந்து அருவியை ஒட்டித்தான் போகிறது. கண்ணாடிப் பக்கமாக நின்றுகொண்டால் சில நொடிகள் முழுதாகத் தெரியும். இலவசம்தானே, திருப்தியாக இரண்டு முறை போய் வாருங்கள்.

காத்திருப்பு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் என்றால், விமான நிலையமே நடத்தும் இலவசச் சுற்றுலாவில் சேரலாம். சுமார் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வழிகாட்டியோடு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். டெர்மினல் 2, 3 டிரான்சிட் பகுதிகளில் பதிவு மேசைகள் இருக்கின்றன. இதற்கும் உள்ளே வரும் அனுமதி வேண்டும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், இறங்கியதும் முதல் வேலையாக அங்கே போங்கள். தனியாகப் போகத் தயங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வழி தவறுமோ, நேரமாகிவிடுமோ என்ற பயமே இல்லை.

படி 7: காத்திருப்பு எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் நகரம்

எம்ஆர்டி என்னும் நகர ரயிலின் நிலையம் டெர்மினல் 2, 3 இடையே இருக்கிறது. டிக்கெட் எடுக்க வேண்டாம், டேப் செய்யும் வங்கி அட்டையையே நுழைவாயிலில் காட்டலாம். ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். லிட்டில் இந்தியா போக, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா நிலையம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

வெளியே வந்தால் தேக்கா சந்தை. சிராங்கூன் சாலையில் கொஞ்சம் நடந்தால் வீரமாகாளியம்மன் கோவில். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே கோவிலை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே சாலையில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸில் சாப்பாடு. இரவெல்லாம் பயணம் செய்த வயிற்றுக்கு ரசம் சாதம் கிடைப்பது பெரிய விஷயம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. வழி கேட்கத் தயங்கவே வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: இந்த ஒரு பகுதியோடு நிறுத்துங்கள். மெரினா பே, செந்தோசா என்று சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் எதையும் பார்த்த நிறைவு இருக்காது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும், குடை இருக்கட்டும்.

படி 8: இரவுக் காத்திருப்பு

இரவு பதினொன்றுக்கு இறங்கிக் காலையில் விமானம் என்றால் ஊர் சுற்றும் எண்ணம் வேண்டாம், தூங்குங்கள். டிரான்சிட் பகுதிக்குள்ளேயே மணிக்கணக்கில் அறை தரும் ஹோட்டல்கள் இருக்கின்றன, பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு. வெளியே வரத் தேவையில்லை. முன்பதிவு இல்லாமல் போனால் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் சாய்ந்து படுக்கும் நாற்காலிகள் கொண்ட இலவச ஓய்விடங்கள் உண்டு. பாஸ்போர்ட் பையை உடம்போடு சேர்த்து மாட்டிக்கொண்டு, போனில் இரண்டு அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள்.

படி 9: கேட்

சாங்கியில் டெர்மினல் 1, 2, 3இல் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கேட் வாசலிலும் தனியாக நடக்கிறது. சென்னை மாதிரி முன்னாலேயே முடிந்துவிட்டது என்று நினைத்துக் கடைசி நேரத்தில் போனால், வரிசை வெளியே வரை நிற்கும். பாட்டிலில் இருக்கும் தண்ணீரைச் சோதனைக்கு முன் கொட்டிவிட வேண்டும். வரிவிலக்குக் கடையில் வாங்கிய திரவப் பொருளின் பையைப் பிரிக்காமல் அப்படியே கொண்டு போங்கள். கழிப்பறை வேலையையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள், சோதனையைத் தாண்டினால் பெரும்பாலான கேட்களில் உட்கார்ந்திருக்க மட்டும்தான் இடம். கூப்பிடுவார்கள் என்று அறிவிப்பை நம்பி உட்காராமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கேட் எண் மாறுவது உண்டு. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் கேட் அருகில் இருந்தால் போதும்.