குன்னூர் ஸ்டேஷன்ல நின்னு மலை ரயில் பாக்கறது எப்படி

ஊட்டி ரயில்ல டிக்கெட் கிடைக்கலைன்னு மூஞ்சிய தொங்கப்போட்டுக்கிட்டு திரும்பறவங்கள நிறைய பாத்திருக்கேன், அவங்களுக்குத்தான் இது. 10 ரூபாய்க்கு பிளாட்ஃபாரம் டிக்கெட் வாங்கிட்டு குன்னூர் ஸ்டேஷன்ல நில்லுங்க. உள்ள உக்காந்து வர்றவங்களுக்கு இஞ்சின் சரியாவே தெரியாதுங்க, ஏன்னா மலை ஏறும்போது அது பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டு வரும்.

மேட்டுப்பாளையத்துல ஏழு மணி வாக்குல கிளம்பற வண்டி இங்க வந்து சேர பத்தரை ஆயிரும், நீங்க பத்து மணிக்கே போயிருங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான், டீயும் வர்க்கியும் முடிச்சிட்டே போகலாம். பிளாட்ஃபாரத்துல மேட்டுப்பாளையம் பக்கத்து முனைக்குப் போங்க, நடுவுல நின்னா செல்ஃபி கூட்டம்தான் தெரியும். வண்டி வர்றதுக்கு முன்னாடி சத்தம் வந்துரும், அப்ப போன உள்ள வெச்சிட்டு காத குடுங்க. ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் ஒரு பிரேக்மேன் கொடியோட நிப்பாரு, முன்னாடி இருக்கறவர் காட்டற கொடிய அடுத்தடுத்தவர் வாங்கிக் காட்டி கடைசில இருக்கற டிரைவர் வரைக்கும் சேத்துருவாங்க. எனக்கு புகைய விட அதுதான் புடிக்கும்.

வண்டி நின்னதும் எல்லாரும் வடை வாங்க ஓடுவாங்க, நீங்க ஓடாதீங்க, அசல் வேடிக்கையே இப்பத்தான். நீராவி இஞ்சின கழட்டிட்டு டீசல் மாட்டுவாங்க. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் 12 அடி போனா 1 அடி ஏறற செங்குத்து, அதனால தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு வரிசை பல்லு போட்டிருக்காங்க, இஞ்சினுக்கு அடில இருக்கற பல்சக்கரம் அதப் புடிச்சிக்கிட்டு ஏறும். ரெண்டு வரிசைப் பல்லும் நேருக்கு நேரா இருக்காது, ஒண்ணு மாத்தி ஒண்ணு இருக்கும், அதனால எப்பவும் ஏதாவது ஒரு பல்லு புடியில இருக்கும். குன்னூருக்கு மேல அந்தப் பல்லே கிடையாது, டீசலே போதும். இந்த லைன் 1899ல குன்னூரோட நின்னுருந்தது, ஊட்டிக்கு 1908லதான் போச்சு.

கழட்டின இஞ்சின் கிட்டக்க வந்தா எண்ணெய் வாசமும் சூடும் மூஞ்சில அடிக்கும், கீழ சொட்டு சொட்டா தண்ணி ஒழுகும். பனில லென்ஸ் வேற மங்கிரும், ஒரு துணி வெச்சுக்கங்க. போட்டோவுக்காக தண்டவாளத்துல மட்டும் இறங்கிராதீங்க, 1000 ரூபா வரைக்கும் ஃபைன், ஜெயிலுக்கும் சட்டத்துல இடம் இருக்கு.

ஐப்பசி கார்த்திகைல வர்றதா இருந்தா முந்தின நாளே வண்டி ஓடுதான்னு விசாரிச்சிருங்க. ஒரு தடவ நான் விசாரிக்காம வந்து ஒன்றரை மணி நேரம் குளிர்ல நின்னுட்டு இருந்தேன், அப்புறம் ஒரு போர்ட்டர் அண்ணன்தான் "மண்ணு சரிஞ்சிருச்சு தம்பி, கீழருந்து வண்டி வராது"ன்னாரு.

பிளாட்ஃபாரம் டிக்கெட் ரெண்டு மணி நேரத்துக்குத்தான். மத்தியானம் மூணு மணி வாக்குல கீழ இறங்கற வண்டிக்கு திரும்ப நீராவி இஞ்சின் மாட்டுவாங்க, அதுக்கு வேற டிக்கெட் எடுங்க. இந்த தடவ இஞ்சின் முன்னாடி இருக்கும்.